கிளினிக் சுவர்ல மூணு பேனல்: மை அடுக்கு கெட்டுப்போன ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி டவுன்ல எனக்கு ஒரு பிரேம் கடை. சாமி படம், கல்யாண போட்டோ, பசங்க சர்டிபிகேட் இதான் தினப்படி வேலை, ஓவியம்னு மாசத்துக்கு நாலஞ்சு வரும். இந்த கேஸ்ல நானும் ஒரு ஆளு, அதுவும் தப்பு பண்ண ஆளு, அதனால வெளிய நின்னு தீர்ப்பு சொல்ற மாதிரி எழுத முடியாது. ஓவியர், கிளினிக் வச்சிருக்கற டாக்டரம்மா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதறேன், பேரு மட்டும் வேணாம்னு சொல்லிட்டாங்க.

ஓவியர் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல பத்து வருஷம் கணக்கு எழுதினவங்க. கல்லை அறுத்து பாலிஷ் போட்டு தண்ணி விட்டு கழுவறப்ப ஸ்லாப்ல ஒரு அலை தெரியும் பாருங்க, சிவப்பும் சாம்பலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து ஓடும், அதை பாத்து பாத்துதான் வரையற ஆசையே வந்துச்சாம். எங்கயும் போய் கத்துக்கல. அவங்க படத்துல உருவம் எதுவும் இருக்காது, நிறமும் கோடும்தான், மையை விட்டு காயவச்சு அதுமேல அக்ரிலிக் பெயிண்ட், அதுமேல திரும்ப மை, நடுவுல சுரண்டி எடுக்கறதுன்னு ஏழெட்டு அடுக்கு போகும். பக்கத்துல போய் பாக்க பாக்க உள்ளேர்ந்து வேற வேற நிறம் தெரியும், நான் பிரேம் போட்டு அனுப்ப மனசில்லாம ரெண்டு நாள் கடையிலயே வச்சிருந்த படம்லாம் உண்டு.

தை மாசம் பைபாஸ் பக்கம் புதுசா கட்டிட்டிருந்த ஒரு பல் கிளினிக்லேர்ந்து ஆர்டர் வந்துச்சு. வெயிட்டிங் ஹாலுக்கு மூணு பேனல், ஒவ்வொண்ணும் 3 அடிக்கு 2 அடி. ஆறு, பாறை, மாம்பழம்னு மூணு தீம், அதாவது தென்பெண்ணை, நம்ம ஊரு கல்லு, நம்ம ஊரு மா. மொத்தம் 36,000 ரூபா பேசி 10,000 அட்வான்ஸ். சித்திரை 1 திறப்பு. அந்த சுவருக்கு எதிர்ல மேற்கு பாத்த பெரிய கண்ணாடி ஜன்னல், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வெயில் நேரா சுவர்ல வந்து விழும். அன்னைக்கு ஓவியர், டாக்டரம்மா, நான் மூணு பேரும் அந்த வெயில்ல நின்னுதான் எங்க மாட்டலாம்னு பேசினோம், ஒருத்தருக்கும் அது உறைக்கல.

எதுமேல எதைப் போட்டாங்க

மூணுக்கும் அடி 12 மி.மீ. ப்ளைவுட். மரக்கடையில வெட்டி வாங்கினது. ப்ளைக்கு சீலர், அதாவது மரத்தோட சாறு மேல வராம அடைக்கற பூச்சு, எதுவும் போடாம நேரா ஜெஸ்ஸோ ரெண்டு கோட். ஜெஸ்ஸோன்னா அக்ரிலிக் பைண்டர்ல (நிறத்தை பிடிச்சு வைக்கற பசை) சுண்ணக்கட்டி மாவும் டைட்டானியம் வெள்ளையும் கலந்த அடிப்பூச்சு, நிறம் பிடிக்கறதுக்காக போடறது.

ஆறு பேனல்ல முதல் அடுக்கு சாதாரண ஃபவுண்டன் பேனா மை, நீலமும் ரோஸும். தண்ணி தெளிச்ச பரப்புல சொட்டு சொட்டா விட்டா அது விரியற அழகே தனி. காஞ்சதும் அதுமேல வெள்ளை அக்ரிலிக்கை நீர்க்க கரைச்சு ஒரு திரை மாதிரி இழுத்திருக்காங்க.

பாறை பேனல்ல கறுப்பு வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க், அதுக்கு மேல அக்ரிலிக் பெயிண்டை தண்ணி விட்டு மோர் பதத்துக்கு கரைச்சு கொட்டி, பேனலை அப்படியும் இப்படியும் சாய்ச்சு ஓட விட்டது. சில இடத்துல ஊத்தப்பம் கனத்துக்கு நின்னுச்சாம். பங்குனி வெயில், மொட்டை மாடி ரூம், ஃபேன் அஞ்சுல.

மாம்பழ பேனல்தான் ரொம்ப ஆசையா பண்ணது. அடியில மஞ்சத்தூள் கரைச்சு ஒரு கோட், அதுமேல பளபள மீடியம் (நிறம் சேக்காத அக்ரிலிக்), அதுமேல ஆல்கஹால் இங்க்ல (ஸ்பிரிட்ல கரைச்ச சாயம்) ஆரஞ்சும் மெஜந்தாவும், நடுநடுவுல வெள்ளை அக்ரிலிக். மீடியம் எட்டாம விட்ட இடத்துல வெள்ளை அக்ரிலிக் மஞ்சள் மேல பட்டதும் குப்புன்னு செவந்துச்சாம். ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்தா செவக்குமே, அதே சமாச்சாரம்தான், அக்ரிலிக் பெயிண்ட்ல கொஞ்சம் அம்மோனியா இருக்கும், அந்த காரத்துக்கு மஞ்சள் செவக்குது. காஞ்சு அம்மோனியா பறந்ததும் அந்த சிவப்புல பாதி போயிடுச்சு. அப்பவே மஞ்சள் நிலையா நிக்கற ஆளு இல்லன்னு தெரிஞ்சிருக்கணும், ஆனா வேலை மும்முரத்துல "இதுவும் நல்லாதான்ணா இருக்கு"ன்னு விட்டுட்டாங்க.

கடைசியா மூணுக்கும் வாட்டர் பேஸ்டு வார்னிஷ், பிரஷ்ல ரெண்டு கோட். ஆறு பேனல்ல வார்னிஷ் இழுக்கறப்பவே ரோஸ் லேசா கூட இழுத்துக்கிட்டு வந்துச்சாம். அதையும் அழகுன்னு எடுத்துக்கிட்டாங்க.

டெலிவரிக்கு முந்தின நாள் நான் பண்ண தப்பு

வார்னிஷ் போட்டு மூணாவது நாள் பேனல் என் கடைக்கு வந்துச்சு. பிரேம் போடறதுக்கு முன்னாடி தூசி துடைக்கலாம்னு ஈரத்துணி எடுத்தேன். ஆறு பேனலோட சைடு ஓரம், வார்னிஷ் படாத இடம், அங்க துடைச்சதும் துணியில ரோஸ் ஒட்டுச்சு. பாத்தேன். இன்னொரு தடவ துடைச்சேன், திரும்ப ஒட்டுச்சு. நாளைக்கு திறப்பு விழா, ஃபிளக்ஸெல்லாம் கட்டிட்டாங்க, இப்ப போய் ஏன் கிளறணும், ஓரம்தானே பிரேமுக்குள்ள போயிடும்னு துணியை கழுவி கொடியில போட்டுட்டு வேலையை முடிச்சேன். ஓவியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இந்த மொத்த கேஸ்லயும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் குத்தறது அந்த அஞ்சு நிமிஷம்தான்.

ஆனி மாசம் வந்த போன்

ரெண்டரை மாசம் கழிச்சு, ஊர்ல மாங்கனி கண்காட்சி நடந்துட்டிருந்த சமயம், டாக்டரம்மா போன் பண்ணாங்க. "அண்ணா, நீங்க மாட்டின படத்துல ஏதோ ஆயிட்ட மாதிரி இருக்கு, ஒரு தடவ வந்து பாத்துட்டு போங்களேன்." கோபமா பேசல, அதுதான் இன்னும் சங்கடமா இருந்துச்சு. மிச்ச பணம் 26,000ல 10,000 ஏற்கெனவே குடுத்திருந்தாங்க, மீதி 16,000 நிலுவை. ஓவியரையும் கூட்டிக்கிட்டு அன்னைக்கு சாயந்தரமே போனேன்.

பாத்தது இதான். ஆறு பேனல்ல வெள்ளையா இருந்த இடமெல்லாம் ரோஸ் ஊறி நின்னுச்சு, மேல யாரும் எதுவும் தடவல, உள்ளேர்ந்து கசிஞ்சு வந்திருக்கு. கீழ் ஓரத்துல அது இல்லாம டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வேற. பாறை பேனல்ல கனமா நின்ன இடமெல்லாம் ஏரி காஞ்சா மண்ணு வெடிக்கற மாதிரி வெடிப்பு, வேற ஒரு மூலையில விரலால தடவினா பவுடர் மாதிரி ஒட்டுச்சு. மாம்பழ பேனல் வெளுத்து போச்சு. மெஜந்தா கிட்டத்தட்ட காணோம், ஆரஞ்சு பழைய போஸ்டர் நிறத்துக்கு வந்துடுச்சு.

டாக்டரம்மா வீட்டுக்காரர் புது கட்டடம், சுவர்ல ஈரம் ஏறுதுன்னு சொன்னாரு. ஓவியர் மை டூப்ளிகேட்டா வந்துடுச்சுன்னு சொன்னாங்க, கண்ணுல தண்ணி. நான் வார்னிஷ் மேல பழி போட்டேன், துணியில ரோஸ் ஒட்டினதை இன்னும் வாயத் திறக்கல.

அப்ப ரிசப்ஷன் பொண்ணு பேனலை கழட்ட வசதியா டோக்கன் போர்டை நகத்துச்சு. மாம்பழ பேனலோட இடது கீழ் மூலையை மறைச்சுக்கிட்டு ஸ்டாண்டுல நின்ன போர்டு அது. அதுக்கு பின்னாடி செவ்வகமா, கோடு போட்டு வெட்டின மாதிரி, மெஜந்தா ஜொலிச்சுக்கிட்டு இருந்துச்சு, சித்திரை 1 அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. சுவர் ஈரம்னா அந்த மூலையும் கெட்டிருக்கணும், மை கலப்படம்னா அதுவும் போயிருக்கணும். வெயில் படாத இடம் மட்டும் நின்னிருக்கு. வேற ஆதாரம் தேவைப்படல.

இருந்தாலும் சாருக்கு சமாதானம் ஆகணுமேன்னு சமையல் அலுமினிய ஃபாயில் ஒரு துண்டை சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டோம். பிரிச்சப்ப பின்னாடி துளி ஈரம் இல்ல.

கடையில டெஸ்ட் பண்ணது

மூணு பேனலையும் கடைக்கு கொண்டு வந்து பிரேமை கழட்டினதும் முதல்ல துணி விஷயத்தை ஓவியர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணா"ன்னு மட்டும் சொன்னாங்க.

பிரேமுக்குள்ள மறைஞ்சிருக்கற ஓரத்துல மட்டும் காது குடையற பட்ஸை தண்ணியில தொட்டு உருட்டிப் பாத்தோம். ஆறு பேனல்ல ரோஸும் நீலமும் உடனே வந்துச்சு, பாறை பேனல்ல கறுப்பு அசையல. அடுத்து சர்ஜிகல் ஸ்பிரிட், மாம்பழ பேனல்ல ஆரஞ்சு அப்படியே கரைஞ்சு பட்ஸுக்கு வந்துடுச்சு. ஒண்ணு சொல்லணும், ஸ்பிரிட் அக்ரிலிக்கையும் இளக்கிடும், அதனால படத்தோட நடுவுல தயவுசெஞ்சு யாரும் இதை பண்ணிடாதீங்க.

அப்புறம் மிச்ச ப்ளை துண்டுல ஜெஸ்ஸோ பூசி அவங்ககிட்ட இருந்த அத்தனை மையிலயும் ஒவ்வொரு பட்டை இழுத்து, ஒரு நாள் காயவிட்டு, குறுக்கால ஒரு கோடு தண்ணி, ஒரு கோடு கிளியர் மீடியம், ஒரு கோடு வார்னிஷ் இழுத்தோம். எது ஓடுது எது நிக்குதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு. இன்னொரு துண்டுல அதே பட்டைகள், பாதியை ஃபாயில் சுத்தி மறைச்சு, கடையோட மேற்கு ஜன்னல்ல ஆறு வாரம். ரெண்டாவது வாரமே மஞ்சத்தூள் பட்டை காலி. பேனா மை ரோஸும் ஆல்கஹால் மெஜந்தாவும் மூணு வாரத்துல வெளுத்துச்சு, பேனா நீலம் சாம்பல் பக்கம் திரும்புச்சு. கறுப்பு டிராயிங் இங்கும், ஒரு மாணவன்கிட்ட கடன் வாங்கி இழுத்த அக்ரிலிக் இங்கும் ஆறு வாரம் கழிச்சும் ஃபாயில் பக்கத்துக்கும் வெயில் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியல.

மஞ்சள் விஷயத்துல ஓவியரோட அம்மா கேட்டதுதான் சரி. துணியில மஞ்சக்கறை பட்டா வெயில்ல காயப்போட்டு போக்கறோம், அதையே படத்துல பூசி வெயில்ல மாட்டினா எப்படிம்மா நிக்கும்னு.

ஏன் அப்படி ஆச்சு

எங்களுக்கு புரிஞ்சது இவ்வளவுதான், காஞ்சது வேற, கரையாம நிக்கறது வேற. உப்புத்தண்ணி காஞ்சா உப்பு படியும், திரும்ப தண்ணி பட்டா திரும்ப கரையும். முட்டை வெள்ளைக்கரு வெந்துட்டா எத்தனை தண்ணி ஊத்தினாலும் கரையாது. பேனா மை முதல் ரகம், சாயம் தண்ணியில கரைஞ்சிருக்கு, தண்ணி போனதும் சும்மா உக்காந்திருக்கு, மேல அக்ரிலிக்கோ வார்னிஷோ போட்டா அதுல இருக்கற தண்ணிக்கு எழுந்து வந்துடும். ஆல்கஹால் இங்கும் அதே மாதிரி, அதை எழுப்ப ஸ்பிரிட் வேணும், அவ்வளவுதான் வித்தியாசம். அக்ரிலிக் ரெண்டாவது ரகம், தண்ணியில மிதக்கற பிளாஸ்டிக் துளிகள் தண்ணி போகப் போக ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தோல் ஆயிடும், திரும்பாது. வாட்டர்ப்ரூஃப் கறுப்பு இங்க்ல கார்பன் கரியோட அரக்கு மாதிரி ஒரு பிசின் சேத்திருப்பாங்க, அதனால காஞ்சா நிக்குது.

சாயத்துக்கு இன்னொரு குணம், அது ரொம்ப பொடிசு, அக்ரிலிக் தோலுக்குள்ளயே மெதுவா ஊறி மேல வரும். நிறமி அப்படி இல்ல, கரையாத துகள், பிசின்ல மாட்டிக்கிச்சுன்னா அங்கயேதான். வெயிலுக்கும் பெரும்பாலும் சாயம்தான் முதல்ல போகும், மண்ணு கல்லுலேர்ந்து வர்ற நிறமி நிக்கும். நம்ம மல்லசந்திரம் கல்திட்டைக்குள்ள (பழங்காலத்து ஆளுங்க கல்லு பலகையால கட்டின ஈமச்சின்னம்) வெள்ளையில வரைஞ்ச உருவங்களை போய் பாத்தவங்களுக்கு இதை தனியா விளக்க வேண்டியதில்ல.

பாறை பேனல் வேற கதை. கனமா ஊத்தின பெயிண்ட்ல மேல் தோல் ஃபேன் காத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் இறுகிடுச்சு, உள்ள இருந்த ஈரம் அப்புறமா போறப்ப கீழ் பகுதி சுருங்கி மேல் தோலை கிழிச்சுடுச்சு. பவுடரா ஒட்டின இடம் தண்ணி ஜாஸ்தி ஊத்தி பைண்டர் போதாம போன இடம். டீக்கறை பழுப்பு ப்ளையோட சாறு, அக்ரிலிக்கோட ஈரத்துல ஊறி மேல ஏறினது, அதுக்குதான் மரத்துக்கு முதல்ல சீலர் போடறது.

எடுத்த முடிவுகள்

பாறை பேனலை வச்சுக்கலாம்னு முடிவு பண்ணோம். வெடிச்ச துண்டுகள் நகத்தால தட்டிப் பாத்தா கெட்டியா இருந்துச்சு, உதிரல. பவுடர் மூலையிலயும் வெடிப்புலயும் நீர்க்க கிளியர் மீடியத்தை மூணு தடவ ஊற விட்டு, வெடிப்புக்குள்ள கறுப்பு இங்க் இறக்கி மேலாப்ல துடைச்சு எடுத்தாங்க. கல்லுல ஓடற ரேகை மாதிரியே ஆயிடுச்சு. டாக்டரம்மா பாத்துட்டு முன்னைய விட இதுதான் நல்லா இருக்குன்னாங்க. ஓவியருக்கு அதுல சந்தோஷமா வருத்தமான்னு எனக்கு இன்னும் தெரியல.

மாம்பழ பேனல்ல காப்பாத்த ஒண்ணும் இல்ல, போன நிறம் போனதுதான். புதுசா பண்றதுன்னு ஆச்சு.

ஆறு பேனல்லதான் எங்களுக்குள்ள சண்டை. நான் இதையும் புதுசா பண்ணுங்கன்னேன். அவங்களுக்கு அந்த நீலம் விரிஞ்ச விதம் திரும்ப வராதுன்னு பிடிவாதம். கார்பெண்டருங்க பூசற பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு, அது கறையை அடைக்கும்னு எனக்கு தெரியும், அதை சொல்லி ஆசைய கிளப்பினதும் நான்தான். பிரஷ்ல போட்டா மை இழுத்துச்சு, ஸ்ப்ரே பாட்டில்ல பனி மாதிரி அடிச்சு அடிச்சு காயவிட்டா நின்னுச்சு. நாலு கோட் அடிச்சு அதுமேல வெள்ளையை திரும்ப இழுத்தாங்க. அரக்குக்கு லேசா மஞ்சள் ஓடின மாதிரி இருந்தாலும் ஆத்து தண்ணிதானேன்னு சமாளிச்சோம். அஞ்சாவது வாரம் மேல் மூலையில ஒரு ரூபா காசு அளவுக்கு ரோஸ் திரும்ப எட்டிப் பாத்துச்சு, ஸ்ப்ரே சரியா எட்டாத இடம். அன்னைக்கே அந்த பேனலை சுவர் பக்கம் திருப்பி வச்சுட்டாங்க. அஞ்சு வாரம் வீண், அதுக்கு பாதி பொறுப்பு எனக்கு.

காசு விஷயம் இப்படி முடிஞ்சுது: மெட்டீரியல் செலவு ஓவியரோடது, பிரேம் வேலை நான் இலவசம், டாக்டரம்மா ஒரு ரூபா கூட கூடுதலா தரவேண்டியதில்ல, வேலை முடிஞ்சு ரெண்டு மாசம் சுவர்ல நின்னப்புறம் மீதி 16,000.

திரும்ப செஞ்ச விதம்

ரெண்டு புது ப்ளைக்கும் முன்பக்கம் பின்பக்கம் ஓரம் எல்லாத்துக்கும் கிளியர் மீடியம் ரெண்டு கோட் சீலரா போச்சு. அதுமேல ஜெஸ்ஸோ மூணு மெல்லிசு கோட், நடுவுல 220 நம்பர் உப்புத்தாள். நிறம் எல்லாமே நிறமி உள்ள அக்ரிலிக் இங்கும் அக்ரிலிக் பெயிண்டும், கோட்டுக்கு வாட்டர்ப்ரூஃப் கறுப்பு. பாட்டில்ல நிறமி பேரையும் வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும்ங்கற குறியீட்டையும் பாத்து பாத்து வாங்கினாங்க, அதுக்காகவே ஒரு நாள் பெங்களூர் போயிட்டு வந்தாங்க. அக்ரிலிக் இங்க் பேனா மை மாதிரி விரியாது, அது உண்மை. ஒரு வாரம் துண்டு ப்ளையிலயே விளையாடி, பரப்பை நல்லா நனைச்சு, நீர்க்க ஆக்க தண்ணிக்கு பதிலா கிளியர் மீடியத்தை கொஞ்சம் சேத்து, ஸ்ப்ரே பாட்டிலால தள்ளி தள்ளி கிட்டத்தட்ட அந்த விரிவை கொண்டு வந்துட்டாங்க.

ஊத்தற வேலை இருந்த இடத்துல ஒரே தடவையா கனமா ஊத்தாம நாலு மெல்லிசு அடுக்கு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ராத்திரி, ஃபேன் ஆஃப், மேல ஒரு அட்டைப்பெட்டியை கவுத்து மூடி மெதுவா காயவிட்டது. ஐப்பசி மழை ஆரம்பிச்சதால காய ரொம்ப நேரம் எடுத்துச்சு, அது நல்லதுக்குதான். முடிச்சு மூணு வாரம் தொடாம வச்சிருந்து, கிளியர் மீடியம் ஒரு கோட், அப்புறம்தான் வார்னிஷ். நான் பிரேம் போடறதுக்கு முன்னாடி ஈரத்துணியால ஓரத்தை துடைச்சேன். துணி வெள்ளையாவே இருந்துச்சு, இந்த தடவ அதை போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பினேன்.

அதுக்கப்புறம்

கார்த்திகையில மாட்டினோம், இந்த தடவ மேற்கு கண்ணாடி பக்கத்து சுவர்ல, வெயில் நேரா விழாத இடம். பழைய இடத்துல இப்ப டிவி இருக்கு. எட்டு மாசம் ஆச்சு, போன மாசம் பல்லு காட்ட போனப்ப பாத்தேன், ரோஸ் கசிவு இல்ல, புது வெடிப்பு இல்ல. மீதி பணம் தை மாசமே வந்துடுச்சு.

என் கடையில ரெண்டு பழக்கம் மாறிச்சு. பேனல் எதுவா இருந்தாலும் ஓரத்துல பட்ஸ் உருட்டாம பிரேம் போடறதில்ல, எந்த சுவர், எந்த திசை ஜன்னல்னு கேக்காம பில் போடறதில்ல. சாமி படத்துக்கு வந்தவரு திசை கேக்கறீங்களே வாஸ்துவான்னு கேட்டாரு. ஓவியர் ஒவ்வொரு பேனல் பின்னாடியும் எந்த அடுக்கு எந்த நாள்னு பென்சில்ல எழுதி வைக்கறாங்க. பேனா மையை அவங்க விட்டுடல, அதை காகிதத்துல பண்ணி, மேல ஈரமா எதுவும் போடாம, கண்ணாடி போட்டு, வெளுக்கும்னு வாங்கறவங்ககிட்ட சொல்லியே விக்கறாங்க.

வெளுத்த மாம்பழ பேனல் என் கடை கல்லாவுக்கு பின்னாடி தொங்குது. வர்றவங்கள்ல பாதி பேரு அந்த மூலையில இருக்கற மெஜந்தா செவ்வகத்தை காட்டி, இந்த ஐடியா எப்படி சார் வந்துச்சு, என்ன விலைன்னு கேக்கறாங்க.